பெருவிரலுக்கு வந்த வேலை

தூண்டில் தடியை வாங்கியது பெப்ரவரியில், ஏரியெல்லாம் கல்லாக உறைந்து கிடந்த காலத்தில். மலிவு விற்பனையில் 120 டொலர். கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகாதவனுக்கு இது தேவையா என்று அக்கா கேட்டதில் நியாயம் இருந்தது. என் பக்கத்துக் காரணம் என் மணிக்கட்டில் இருந்தது. களஞ்சியசாலையில் இரவு முழுவதும் பெட்டி தூக்கி வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. போன கோடையில் அத்தான் இரவல் தந்த தடியோ உலக்கை மாதிரி. இருபது தரம் வீசினால் அடுத்த நாள் தேநீர்க் கோப்பையை இடக்கையால்தான் எடுக்க முடியும்.

புதிய தடி, தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல் இல்லாமல், 100 கிராம் அளவுதான். 6 அடி 9 அங்குல நீளம், காபன் நார்த் தண்டு, தக்கைக் கைப்பிடி. காஸ்டிங் வகை என்பதால் ரீல் தடியின் மேலே உட்கார்ந்திருக்கும்; அடியில் விரல் கொளுவ ஒரு கொக்கி. அத்தானுடையது ஸ்பின்னிங் வகை, அதில் ரீல் கீழே தொங்கும். தண்டில் இரையின் எடை அவுன்சிலும் நரம்பின் பலம் இறாத்தலிலும் அச்சிடப்பட்டிருந்தன. கிலோவும் கிலோமீற்றரும் பேசும் நாட்டில் தூண்டில் கடை மட்டும் இன்னும் இறாத்தலில் நிற்பதைப் பார்த்தபோது, ஊர்ப் பேக்கரியில் இறாத்தல் பாண் வாங்கிய எனக்கு அந்தக் கடை உடனே பிடித்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தில் நான் மீன் பிடித்தபோது தடியும் இல்லை, ரீலும் இல்லை. வெறும் போத்தலில் சுற்றிய தங்கூசி நரம்பு, ஒரு ஈயக்குண்டு, முள்ளில் இறால் துண்டு, அவ்வளவுதான். தங்கூசி சுட்டுவிரலின் மேல் கிடக்கும். ஓரா மீன் வந்து கொத்தினால் அது விரலுக்குத்தான் முதலில் தெரியும். ஆகையால் ரீல் எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அந்த எண்ணம் ஒரு நாள்தான் நீடித்தது.

ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது உருளை சுழலாது; நரம்பு வளையம் வளையமாகத் தானே கழன்று போகும். காஸ்டிங் ரீலில் உருளையே சுழல்கிறது. இரை காற்றில் வேகம் குறைந்த பிறகும் உருளை பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளுக்குள்ளேயே குமிந்து முடிச்சாகிவிடும். இங்குள்ளவர்கள் அதைக் குருவிக்கூடு என்கிறார்கள். எங்களுக்கு அது சிக்கு. அதைத் தடுக்க ரீலின் பக்கவாட்டில் திருகாணியும் காந்தத் தடையும் உண்டு. ஆனாலும் கடைசிக் காவல் பெருவிரல்தான். இரை தண்ணீரைத் தொடும் கணத்துக்குச் சற்று முன்பு அது உருளையை மெல்ல அழுத்தி நிறுத்த வேண்டும்.

ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் நிலக்கீழ் வீட்டின் நடைவழி ஒன்பது காலெட்டு நீளம். அதன் கோடியில் வெறும் பால்மாப் பேணியை வைத்து, முள் இல்லாத ஈயக்குண்டைத் தாழ்வாகத் தள்ளித் தள்ளிப் பழகினேன். மார்ச் முடியும்போது பத்துக்கு ஆறு பேணிக்குள் விழுந்தது. மேல் வீட்டுக்காரர் ஒரு நாள் படியிறங்கி வந்து, என்ன சத்தம் என்று கேட்டு, பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

பனி கரைந்ததும் பக்கத்துப் பூங்காப் புல்லில் உண்மையான சோதனை. 7 கிராம் குண்டு 24 எட்டுத் தூரம் போனது. கைக்கு வீசியதே தெரியவில்லை. 10 கிராமுக்கு 30 எட்டு. 14 கிராம் தண்டில் அச்சிட்ட எல்லைக்குள்தான், ஆனால் நுனி தளர்ந்து ஆடியது, குண்டு நினைத்த இடத்துக்குப் போகவில்லை. 5 கிராம்தான் வெட்கக்கேடு: 11 எட்டு, மூன்று வீச்சுக்கு ஒரு சிக்கு. பிழை தடியில் இல்லை. உருளை நிறைய நரம்பு இருந்தால் அந்தப் பாரத்தைச் சுழற்றித் தொடங்கச் சிறு குண்டுக்குப் பலம் போதாது. நரம்பைப் பாதியாகக் குறைத்தேன், 17 எட்டுக்குப் போனது. இதை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லவில்லை.

மீன்பிடி உரிமம் எடுத்தது தனிக் கதை. பண்ணையில் தங்கூசி போட யாரிடம் அனுமதி கேட்டோம்? ஒன்ராறியோவில் 18 வயது முதல் 64 வரை Outdoors Card என்ற அட்டையும் உரிமமும் வேண்டும். நான் எடுத்தது குறைந்த கட்டண உரிமம். எங்கள் வலயத்தில் அதற்கு நாளொன்றுக்கு 2 பாஸ் மீன் வைத்துக்கொள்ளலாம். முழு உரிமத்துக்கு 6. அந்த வருடம் பாஸ் பருவமோ ஜூன் பிற்பகுதியில்தான் திறந்தது. அதற்கு முன் பிடித்துத் திருப்பி விடுவதற்கென்றுகூட அதைக் குறிவைக்கக் கூடாது என்றிருந்தது. முதலில் எரிச்சல்பட்டேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. ஆண் பாஸ் தான் தோண்டிய கூட்டில் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இருக்கிறது. அதைச் சில நிமிடம் வெளியே எடுத்தாலும் சுற்றி நிற்கும் சிறு மீன்கள் கூட்டைத் துடைத்துவிடும்.

பருவம் திறந்த சனிக்கிழமை விடிய முன்பே அத்தானும் நானும் ஸ்கூகொக் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். 1830களில் லின்சேயில் கட்டிய அணையால் சதுப்பு நிலம் மூழ்கி விரிந்த ஏரி அது. ஆழம் குறைவு, பாசியும் கொடியும் அதிகம். ஒரு காலத்தில் வாலை (walleye) என்ற நன்னீர் மீனுக்குப் பேர்போன இடம். 2016 முதல் அந்த மீனை அங்கே பிடிக்கத் தடை. ஆகவே எல்லோருடைய கண்ணும் பாஸ் மேல்.

இறப்பர் புழுவின் நடுவில் முள்ளைக் கோத்து, கொடிகளுக்கு இடையிலிருந்த கறுத்த இடைவெளியில் போட்டேன். அது இரண்டு முனையும் துடிக்கத் துடிக்க மெல்ல இறங்கியது. கொத்து தடியின் வழியாக வந்தது, ஒரே ஒரு தட்டு. பண்ணையில் சுட்டுவிரலில் பட்ட அதே தட்டு இங்கே உள்ளங்கையில். இலேசான தண்டின் அருமை அதுதான். அத்தானின் உலக்கையில் இதை உணர்ந்திருக்கவே மாட்டேன். அதன் குறையும் அடுத்த நிமிடமே தெரிந்தது. மீன் நேரே கொடிக்குள் புகுந்தது. தண்டு வளைந்ததே ஒழிய மீனைத் திருப்பப் பலமில்லை. 8 இறாத்தல் நரம்பு அறுந்தது. கொடி அடர்ந்த இடத்துக்கு இந்தத் தடி ஆகாது. கற்கரை, தெளிந்த தண்ணீர், சிறு இரை என்றால் இதைவிட வேறு வேண்டாம்.

கரையோரமாகக் கற்கள் குவிந்திருந்த பக்கம் நகர்ந்து அரை மணி நேரத்தில் ஒன்று கிடைத்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வரும். வாய்க்கடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது; விலாவில் கறுப்புப் பட்டை. பெரியவாய் பாஸ்தான். பாஸைத் தூக்கும் முறையும் பெருவிரலால்தான்: கீழ்த்தாடைக்குள் விரலை விட்டுப் பிடிக்க வேண்டும். பல் அரத்தாள் மாதிரி உரசும். தோல் சிராய்ந்த அந்த விரலோடு தடியைத் திரும்ப எடுத்தேன்.

அத்தான் அதுவரை ஏளனமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் வாளிக்குள் போனதும், “தம்பி, அதை ஒருக்கால் தாரும் பார்ப்போம்” என்றார். பெருவிரலைப் பற்றிச் சொன்னேன். இருபது வருடமாக இங்கே மீன் பிடிக்கிறேன் என்றார். முழுப் பலத்தோடு வீசினார். உருளை ஒரு முறை சீறியது, புழு ஐந்து எட்டுக்கு அப்பால் தண்ணீரில் விழுந்தது, ரீலுக்குள் நரம்பு இடியாப்பமாகக் குமிந்தது.

இருவரும் கல்லில் குந்தியிருந்து ஊக்கால் ஒவ்வொரு இழையாக எடுத்தோம். ஒன்பது மணி வரை பார்த்தோம். பிறகு அத்தான் தன் கத்தியை எடுத்து நரம்பை அறுத்துவிட்டு, இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.