படத்தில் சாலையும் இருக்கட்டும்: வால்பாறைக் குறிப்புகள்

காட்டுயிர்களைப் படமெடுக்க ஆனைமலைப் பக்கம் போகிறேன் என்று சொன்னால், டாப்சிலிப்புக்கா பரம்பிக்குளத்துக்கா என்று கேட்பார்கள். வால்பாறைக்கு என்றால், அங்கே தேயிலையைத் தவிர வேறென்ன இருக்கிறது என்பார்கள். அப்படிக் கேட்பதிலும் ஓரளவு நியாயம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில், சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துகிடக்கும் இந்த மேட்டுநிலத்தின் பெரும்பகுதியை 1890-களிலிருந்து தோட்டக்காரர்கள் காபிக்கும் தேயிலைக்குமாக வெட்டித் திருத்திவிட்டார்கள். ஆனால் இதைச் சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும், கேரள எல்லைக்கு அப்பால் பரம்பிக்குளம், வாழச்சால், இரவிகுளம் காடுகளும் வளைத்து நிற்கின்றன. தேயிலைக்கு நடுவிலும் வெட்டப்படாமல் தப்பிய மழைக்காட்டுத் துண்டுகள், சில ஹெக்டேர் முதல் நூறு ஹெக்டேருக்கு மேல் வரை, ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. சரணாலயத்தில் வனத்துறை வாகனத்தில் அமர்ந்துகொண்டு தேடவேண்டிய சில விலங்குகளை இங்கே அரசுப் பேருந்து ஓடும் சாலையின் ஓரத்தில் நின்றபடியே பார்த்துவிடலாம். நான் இங்கே வருவது இந்த வசதிக்காக மட்டுமன்று. காடும் மனிதரும் ஒன்றையொன்று தவிர்க்க முடியாத ஓர் இடத்தில் காட்டுயிரை எப்படிப் படமெடுப்பது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு அணையைக் கடந்து ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒன்பதாவது வளைவில் எல்லா வண்டிகளும் நிற்கும், ஏனெனில் கீழே அணையின் முழு நீர்ப்பரப்பும் அங்கிருந்து தெரியும். அந்த வளைவை ஒட்டிய பாறைச் சரிவுகளில்தான் வரையாடுகள் மேயும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மேலே அக்காமலைப் புல்வெளியில் வாழும் வரையாடுகள் மனிதரைக் கண்டால் தொலைவிலேயே விலகிவிடும். இங்குள்ளவையோ சாலையோரத் தடுப்புச் சுவர் வரை வந்து நிற்கின்றன. நான் சென்ற காலையிலும், முதுகில் வெள்ளைத் திட்டு படர்ந்த ஒரு முதிர்ந்த கிடா சுவருக்கு மேலே உள்ள பாறையில் அசையாமல் நின்றிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து அதன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. தொலைவை நெருக்கிக் காட்டும் 400 மி.மீ. லென்ஸில் பார்த்தபோது கொம்பின் வளையங்கள் தனித்தனியே தெரிந்தன. பின்னணியில் மூடுபனி மட்டுமே இருந்ததால், அந்தப் படம் மனிதர் காலடி படாத ஏதோ ஒரு சிகரத்தில் எடுத்தது போல இருக்கும். கேமராவிலிருந்து அந்த லென்ஸைக் கழற்றி, அகலமான காட்சியைப் பிடிக்கும் 24 மி.மீ. லென்ஸை மாட்டினேன். ஆடும், நீட்டிய கையும், நிறுத்திவைத்த கார்களும் ஒரே சட்டகத்துக்குள் வந்தன. உண்மைக்கு நெருக்கமானது இந்த இரண்டாவது படம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வால்பாறை நகரத்துக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம் வருகிறது. நூறு ஹெக்டேருக்கும் குறைவான அந்தச் சோலைக்குள்ளும் அதன் ஓரங்களிலும் நூற்றுக்கும் அதிகமான சோலைமந்திகள் வாழ்கின்றன. முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் பிடரி, மற்ற உடலெல்லாம் கருமை, வால் நுனியில் சிறு குஞ்சம் என்று இருப்பதால் சிங்கவால் குரங்கு என்ற பெயரே பலருக்குப் பழக்கம். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் இவற்றில் முதிர்ந்தவை ஏறத்தாழ 2,500-க்கு மேல் இல்லை என்று மதிப்பிடுகிறார்கள். இயல்பில் இது மரத்தை விட்டு இறங்க விரும்பாத குரங்கு, வெடிப்பலா போன்ற மழைக்காட்டு மரங்களின் கனிகளைத் தின்று கிளைவழியே நாள் முழுவதும் நகர்ந்துகொண்டிருக்கும். புதுத்தோட்டத்திலோ காட்டைச் சாலை அறுத்துச் செல்வதால், கிளையோடு கிளை சேராத இடங்களில் அது தரையிறங்கியே மறுபக்கம் போகவேண்டியிருக்கிறது. பெண் குரங்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒரு குட்டி ஈனும். ஆகவே வண்டிச் சக்கரத்தில் ஒரு தாய் சிக்கினால், அந்த இழப்பு ஈடாக நெடுங்காலம் ஆகும்.

இதற்காக, நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பினர் வனத்துறையோடும் தோட்ட நிர்வாகங்களோடும் சேர்ந்து சாலைக்கு மேலே பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். பாலம் என்றதும் பெரிதாக எண்ணவேண்டாம். தீயணைப்புத் துறை கழித்த ரப்பர் பூசிய குழாய்த் துணியைப் பட்டைகளாக்கி, ஏணி போலப் பின்னி, இருபுறமும் உள்ள மரங்களுக்கிடையே இழுத்துக் கட்டியிருப்பார்கள். மழையிலும் வெயிலிலும் மட்காது, குரங்கின் கைக்குப் பிடிமானமும் கிடைக்கும். கீழே சாலையில் காவலர்களும் பணியில் இருக்கிறார்கள். குரங்குக் கூட்டம் கடக்கும் நேரத்தில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்கச் சொல்வதும், தீனி போடுபவர்களைத் தடுப்பதும் அவர்கள் வேலை. அவர்களில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "கீழ இறங்குச்சுன்னா யாராவது ஒருத்தர் தீனி போடாம விடமாட்டாங்க சார். போட்டா, நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்து ரோட்டுலயே உக்காந்துக்கும்" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விசிலை ஊதியபடி ஒரு வேனை நோக்கி ஓடினார்.

சோலைமந்தியைப் படமெடுப்பது தொழில்நுட்ப வகையில் எரிச்சலூட்டும் வேலை. நிழலில் அதன் கரிய உடல் சட்டகத்தை நிரப்பினால், கேமராவின் ஒளி அளவி கருமையைச் சாம்பலாக்கப் பார்த்துப் படத்தை வெளுத்துவிடும், வெண்பிடரியின் மயிரிழைகள் சுத்தமாகக் கரைந்துபோகும். எனவே ஒளியை முக்கால் நிறுத்தமாவது (ஒரு ‘ஸ்டாப்’ என்பது ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) குறைக்கவேண்டும். அதே குரங்கு இரண்டு எட்டு மேலேறி வானத்துக்கு எதிரே அமர்ந்துவிட்டால் நிலைமை தலைகீழ்: ஒரு நிறுத்தத்துக்கு மேல் கூட்டாவிட்டால் மிஞ்சுவது வெறும் நிழலுருவம்தான். சோலைக்குள் காலை எட்டு மணிக்குக்கூட கேமராவின் ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 3200-க்குக் கீழே கொண்டு வரமுடிவதில்லை. ஃபிளாஷ் பயன்படுத்தவே கூடாது. அன்று ஒரு தாய், வயிற்றில் குட்டி தொங்க, மேசோப்சிஸ் மரத்தின் பழத்தைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட அந்த மரம் இன்று புதுத்தோட்டத்து மந்திகளுக்கு முக்கியமான உணவாகிவிட்டது. அயல்மரம் என்று அதை ஒட்டுமொத்தமாக வெட்டச் சொல்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் யோசிக்கவேண்டியிருக்கும்.

பிற்பகலில் கூட்டம் பாலத்துக்கு வந்தது. முதலில் ஓர் இளம் ஆண், பிறகு தாய்மார்கள், கடைசியில் யாரையும் பொருட்படுத்தாத கிழட்டு ஆண் ஒன்று. கீழே வால்பாறைப் பேருந்து, சன்னலோரத்தில் அண்ணாந்து பார்க்கும் பள்ளிப் பிள்ளைகள், மேலே குழாய்ப் பட்டையின்மீது நான்கு காலில் நடக்கும் குரங்கு என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த படம் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தவற்றில் சிறந்தது. போட்டிகளுக்கு அனுப்பினால் சட்டகத்தில் குப்பை அதிகம் என்று ஒதுக்குவார்கள் என்பதும் தெரியும். ஆனால் பேருந்தை வெட்டிவிட்டால், அந்தக் குரங்கு ஏன் ரப்பர்த் துணியின்மீது நடக்கிறது என்பதையும் சேர்த்தே வெட்டிவிடுகிறோம்.

இருவாச்சிப் பறவைக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது. பெரிய இருவாச்சி பறந்து வரும்போது சிறகோசை முதலில் கேட்கும், நீராவி இன்ஜின் மூச்சு வாங்குவது போல. சிறகில் உள்ள வெண்பட்டைகள் மஞ்சளாகத் தெரிவதற்கு, வாலடியில் சுரக்கும் எண்ணெயை அது அலகால் பூசிக்கொள்வதே காரணம். பெருமரப் பொந்தில் பெண் பறவை நுழைந்து, தன் எச்சத்தாலும் உணவு மிச்சத்தாலும் வாயிலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றை மட்டும் விட்டுவைக்கும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஆண்தான் அத்தி, ஆல், காட்டுச் சாதிக்காய்ப் பழங்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டவேண்டும். மரத்தடியில் கேமராவும் கையுமாக நான்கு பேர் நின்றால் அது கூட்டுக்கு வரத் தயங்கும், உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி கிடக்கும். எனவே கூட்டுமரம் என்று ஒருவர் கைகாட்டிய திசைக்கு நான் செல்லவில்லை. சாலையோரத்து ஆலமரம் ஒன்றில் பழம் தின்னும் ஆணைத் தொலைவிலிருந்து எடுத்ததோடு சரி. அருகே வாழச்சால் காடுகளில் காடர் பழங்குடியினர் இந்தக் கூடுகளை ஆண்டுதோறும் கண்காணிக்கிறார்கள். ஒரு காலத்தில் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்த அனுபவம் உள்ளவர்களே இன்று காவலர்கள் என்பதால், அவர்களுக்குத் தெரியாத பொந்து அங்கே இருக்க வாய்ப்பில்லை.

எடுத்த படங்களில் இடமும் நாளும் சரியாகப் பதிவானவற்றை, யாரும் தாம் கண்ட உயிரினங்களைப் பதிவிடக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றியிருக்கிறேன். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களுக்கு அந்தத் தளம் துல்லியமான இடத்தைத் தானாகவே மறைத்துவிடும், பொதுப் பார்வைக்குத் தோராயமான வட்டாரம் மட்டும் தெரியும். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் அப்படியொரு திரை கிடையாது என்பதால், அங்கே வால்பாறை என்ற பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். கலங்கலாக வந்ததென்று நாம் அழித்துவிடும் படத்தில் ஒரு பறவை எந்த மரத்தின் பழத்தைத் தின்றது என்பது தெளிவாக இருந்தால், ஆய்வாளருக்கு அதுவே போதும்.

யானைப் படம் ஒன்றுகூட எடுக்கவில்லை. யானை இல்லாமலில்லை. நடுவாற்றின் கரையை ஒட்டிய தோட்டத்தில் மாலையில் கூட்டம் நிற்பதாக விடுதிக்காரர் சொன்னார், வழியில் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. யானை அருகில் இருந்தால் கைப்பேசி அழைப்பின் மூலம் எரியவைக்கக்கூடிய இந்த விளக்குகளும், தொழிலாளர்களின் கைப்பேசிக்குத் தமிழில் வரும் குறுஞ்செய்தியும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் அறிவிப்பும் சேர்ந்ததுதான் இங்குள்ள முன்னெச்சரிக்கை ஏற்பாடு. இதை உருவாக்கிய ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015-இல், இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கான விட்லி விருது கிடைத்தது. யானை தாக்கி இங்கே இறந்தவர்களில் பலர், அது அங்கே நிற்பது தெரியாமலே அந்தி நேரத்தில் நடந்து வந்தவர்கள். அப்படியிருக்க, படமெடுக்கிறேன் என்று அந்த விளக்கைத் தாண்டிப் போவது, ஊரார் தங்களைக் காத்துக்கொள்ள உழைத்துச் செய்த ஏற்பாட்டை அவமதிப்பதாகும்.

கடைசிக் காலையை, பாலங்களைக் கட்டிய அதே ஆய்வு அமைப்பினரின் மர நாற்றங்காலில் கழித்தேன். சாலையோரத்தில் விழுந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட மழைக்காட்டு மரவகைகளை வளர்த்து, சிதைந்த சோலைத் துண்டுகளில் திரும்ப நடுகிறார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய பணி இது. நட்ட இடங்களை ஆண்டுகள் இடைவிட்டு ஒரே கோணத்தில் எடுத்த படங்களும் உண்டு. முதல் படத்தில் உண்ணிச்செடிப் புதர், பிந்தைய படத்தில் வானத்தை மறைக்கும் இலைக்கூரை. விலங்கே இல்லாத அந்தப் படங்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும், தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு பக்கத்திலேயே இருக்கிறது. அந்த மாதங்களில் அட்டைக்கடிக்கு முழங்கால் வரை துணியுறை அவசியம். டிசம்பர் முதல் மார்ச் வரை ஒளி நன்றாக இருக்கும். கொண்டைஊசி வளைவுகளில் வாந்தி வரக்கூடியவர்கள் பேருந்தில் முன் இருக்கையைப் பிடித்துக்கொள்ளலாம். 100-400 மி.மீ. லென்ஸ் தாராளமாகப் போதும். அதோடு அகலக்கோண லென்ஸ் ஒன்றும் பையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கைப்பேசியில் எடுத்தாலும் பேருந்தும் குரங்கும் சேர்ந்தே விழும்.