லேபிள் ஒட்டிட்டு அதையே மறந்த கதை

வீட்ல பழைய பிசி ஒண்ணுல ஃப்ரீபிஎஸ்டிங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டு ஃபைல் சர்வரா ஓட்டிட்டு இருக்கேன். போட்டோ நெறஞ்சு போச்சேன்னு புதுசா 4 டிபி டிஸ்க் வாங்கி மாட்டுனேன், அரை மணி நேர வேலைன்னு நெனச்சது ரெண்டு ஞாயித்துக்கிழமைய முழுங்கிருச்சு.

என்னைக்கோ நானே எழுதி வச்ச நோட்ட நம்பி டிஸ்க்க பாகம் பிரிக்கற எஃப்டிஸ்க், பிஎஸ்டிலேபிள் கமாண்ட்னு எம்பிஆர்ங்கற பழைய பார்ட்டிஷன் வழில போனேன். பாதி டிஸ்க்க காணோம்! எம்பிஆர்ல செக்டார் (டிஸ்க்கோட சின்ன துண்டு) நம்பர் 32 பிட் தான், 512 பைட் செக்டாருக்கு 2 டிபியோட கணக்கு முடிஞ்சிரும். எல்லாத்தையும் அழிச்சிட்டு ஜிபார்ட் கமாண்ட்ல ஜிபிடிங்கற புது முறைல பார்ட்டிஷன் போட்டேன், 1 எம்பி அலைன்மென்ட் (பார்ட்டிஷன் ஆரம்பிக்கற எடத்த 1 எம்பி கணக்குல வைக்கறது), மைனஸ் எல் குடுத்து 'படம்'னு லேபிள், அதாவது பேரு, அப்புறம் ஃபைல் சிஸ்டம் உருவாக்க நியூஎஃப்எஸ். அதெல்லாம் அஞ்சு நிமிஷம்.

ஆனா பூட் ஆகறப்ப எந்தெந்த டிஸ்க்க மவுண்ட் பண்ணணும், அதாவது சிஸ்டத்தோட சேக்கணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல லேபிள போடாம சோம்பேறித்தனமா ஏடிஏ1பி1னு (ஏடிஏ1 டிஸ்க்கோட மொத பார்ட்டிஷன்) டிவைஸ் பேரயே போட்டுட்டேன். ஒரு வாரம் ஒழுங்கா ஓடுச்சு.

அடுத்த ஞாயிறு பழைய விண்டோஸ் டிஸ்க் ஒண்ண காலியா இருந்த சாட்டா போர்ட்ல சொருகி ஆன் பண்ணேன், நெட்வொர்க்ல சர்வர் ஆளே இல்ல. அந்த பிசிக்கு மானிட்டர் கிடையாது, ஹால் டிவிய கழட்டிட்டு வந்து மாட்டி, அம்மா சீரியல் போச்சேன்னு திட்ட திட்ட பாத்தா ரிப்பேர் பண்றதுக்குன்னு இருக்கற சிங்கிள் யூசர் மோட்ல நிக்குது. புதுசா வந்தவன் ஏடிஏ1 ஆயிட்டான், என் 4 டிபி ஏடிஏ2க்கு தள்ளிப் போயிருச்சு, பூட்டுக்கு ஏடிஏ1பி1 கெடைக்கல.

சரி எஃப்எஸ்டேப்ப திருத்தலாம்னா சேவ் ஆக மாட்டேங்குது. அந்த மோட்ல ரூட், அதாவது சிஸ்டம் இருக்கற பார்ட்டிஷன், ரீட் ஒன்லியா இருக்கும்ங்க, ஃபைல் சிஸ்டத்த செக் பண்ற எஃப்எஸ்சிகே ஓட்டிட்டு 'மவுண்ட் மைனஸ் யூ ஸ்லாஷ்' குடுத்தா தான் எழுத விடும். அவசரத்துக்கு ஏடிஏ2பி1னு மாத்தி உள்ள வந்துட்டேன்.

இப்பவாச்சும் லேபிள போடுவோம்னு லேபிள் டிவைஸெல்லாம் வர்ற டெவ் ஜிபிடி ஃபோல்டர பாத்தா 'படம்' இல்லவே இல்ல. ஜிபார்ட் ஷோ மைனஸ் எல் போட்டா பேரு இருக்கு, டிவைஸ் மட்டும் இல்ல, மண்டை காய்ஞ்சிருச்சு. விஷயம் என்னன்னா டிவைஸ் பேர்ல மவுண்ட் ஆகி இருக்கற வரைக்கும் லேபிள் டிவைஸ் மறைஞ்சிரும். அன்மவுண்ட் பண்ண உடனே நல்ல பிள்ளையா வந்து நின்னுச்சு. எஃப்எஸ்டேப்ல அத போட்டு, வேணும்னே கேபிள மாத்தி மாத்தி சொருகி நாலு தடவ ரீபூட் பண்ணேன், அசையவே இல்ல.

நெனச்சா வயித்த கலக்குறது ஒண்ணு தான், அன்னைக்கு ஏடிஏ1 நம்ம புது டிஸ்க் தானேன்னு மறுபடி நியூஎஃப்எஸ் தட்டி இருந்தா பழைய டிஸ்க்ல இருந்த கல்யாண போட்டோ மொத்தமும் காலி. இப்ப எத தொட்டாலும் 'ஜியோம் டிஸ்க் லிஸ்ட்' போட்டு சீரியல் நம்பர ஸ்டிக்கரோட ஒப்பிட்டு பாத்துட்டு தான் என்டர் தட்டுறேன். டிவி அன்னைக்கு நைட்டே திரும்ப ஹாலுக்கு போயிருச்சு.