லோலாவின் நைட் ஷிஃப்ட்

இரவு 11 மணியிலிருந்து காலை 7 வரை உள்ள ஷிஃப்டை எங்கள் முதியோர் இல்லத்தில் யாரும் கேட்டு வாங்குவதில்லை. லோலா ஒருவர்தான் கேட்டு வாங்கினார், அதுவும் 19 வருஷம். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே டேலி சிட்டியில் வீடு. 7 மணிக்குக் கிளம்பினால் எட்டுக்குள் பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விடலாம், மதியம் வரை தூங்கலாம், அப்புறம் போய்க் கூட்டி வரலாம், மகள் நிம்மதியாகப் பகல் வேலை பார்க்கலாம். லோலா என்றால் ஃபிலிப்பைன்ஸ் மொழியான தகலாகில் பாட்டி. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

நான் நாகர்கோவிலிலிருந்து வந்து நர்ஸாகச் சேர்ந்த புதிதில், "குமாயின் கா நா பா, அனாக்?" என்று கேட்டார். சாப்பிட்டாயா பிள்ளே என்று அர்த்தம். அந்த ஊரில் அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. ஸ்டாஃப் பாத்ரூமில் ஒரு நீலக் கோப்பை கிடக்கும், தாபோ என்பார்கள், நம் வீட்டு பிளாஸ்டிக் மக்குதான். அதைப் பார்த்த அன்றே இவர்கள் நம்மாட்கள் என்று முடிவு செய்துவிட்டேன். புளி கரைத்து அவர் வைக்கும் சினிகாங் சூப்பைக் குடித்தபோது சந்தேகமே இல்லை.

எங்கள் மாடியில் பாதிக்கு மேல் ஃபிலிப்பினோக்கள். அது தற்செயல் இல்லை. நடுவில் ஜப்பான் பிடித்து வைத்திருந்த சில வருஷம் போக, 1898 முதல் 1946 வரை அமெரிக்கா ஆண்ட நாடு அது. ஆங்கிலத்தில், அமெரிக்க முறையில் நர்ஸிங் பள்ளிகளை நடத்தினார்கள். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு நர்ஸுகள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். லோலாவின் அக்கா அப்படி வந்தவர். அவர் மனுப் போட்டு 1989இல் லோலா வந்தார். பத்தாங்காஸ் மாகாணத்து லிபா நகரில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவர், இங்கே வந்து அடுத்தவர் டயப்பர் மாற்றினார். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. அவருக்குப் பட்டதாகத் தெரியவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். நாங்களெல்லாம் அதை வேலையாகச் செய்தோம். அவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுப்பி, மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திருப்புவார்.

மகளோடு வந்துவிட்டார், மூத்த மகனால் வர முடியவில்லை. அவனுக்கு 21 தாண்டிவிட்டது, அதனால் அம்மாவோடு சேர்த்துக்கொள்ளவில்லை. 1995இல் குடியுரிமை கிடைத்ததும் மகனுக்கு மனுப் போட்டார். அதற்குள் அவனுக்குக் கல்யாணமாகியிருந்தது, கல்யாணமான பிள்ளைக்கு வரிசை வேறு, அதிலும் ஃபிலிப்பைன்ஸ்காரர்களுக்கு 20 வருஷத்துக்கு மேல் காத்திருப்பு. லாக்கரில் பைபிளுக்குள் அந்த ரசீதை மடித்து வைத்திருந்தார்.

இங்கேதான் நான் வருகிறேன். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைப் பூசைக்குப் போவார்கள், நம் மார்கழி மாதிரி. சிம்பாங் காபி என்று பெயர். நான் ஏதோ காப்பி குடிக்கும் சடங்கு என்றே நினைத்தேன். (காபி என்றால் இரவாம், பத்தாங்காஸ் பராக்கோ காப்பியை ஃப்ளாஸ்க் நிறையக் கொண்டுவருகிறவர் சொன்னால் வேறு என்ன நினைப்பது.) ஒன்பது நாளும் விடாமல் போனால் வேண்டியது நடக்கும் என்பது நம்பிக்கை. ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும், ஆளுக்கொரு நாள் அவர் இடத்தைப் பார்த்துக்கொள்வோம். 2013இல் ஒன்பதாம் நாள் என் முறை. அன்று ஓர் ஆள் வரவில்லை, இரண்டு பேருக்குக் காய்ச்சல், சூப்பர்வைசரிடம் எனக்கு உள்ளூர பயம். முடியாது லோலா என்றேன். "சரி அனாக்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். விதிப்படி நான் செய்தது சரி, இன்றைக்கும் அதைத்தான் செய்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் மகனுக்கு விசா வந்தது 2018இல். நடுவில் இருக்கும் ஐந்து வருஷத்தை, எனக்கு அந்த நம்பிக்கை இல்லாவிட்டாலும், அவ்வப்போது எண்ணிப் பார்க்கிறேன். அவர் ஒரு தடவைகூட அதைப் பேசியதில்லை. அடுத்த டிசம்பரில் எட்டு நாளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஒன்பதாவதை மறுபடி என்னிடமே கேட்டார்.

2016இல் ஓய்வு பெற்றார். 2020இல், மகள் ஆஸ்பத்திரியில் கோவிட் வார்டில் நின்றபோது, எங்கள் ஒவ்வொருவருக்கும் மாலையில் போன் வரும், அதே சாப்பிட்டியா கேள்வி. அந்த செப்டம்பரில் நர்ஸுகள் சங்கம் ஒரு கணக்கு வெளியிட்டது: அமெரிக்க நர்ஸுகளில் நூற்றுக்கு 4 பேர் ஃபிலிப்பினோக்கள், கோவிடில் செத்த நர்ஸுகளில் நூற்றுக்கு 30க்கு மேல். அவர் எங்களை எண்ணிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

2022இல் தூக்கத்தில் போய்விட்டார். அடக்கத்துக்கு முன் சில இரவுகள் விழித்திருப்பார்கள். பேரன் வந்து என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான், பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை, நான் எப்போது பெரியவளானேன் என்று கூச்சமாக இருந்தது. கிளம்பும்போது வீட்டார் வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. வரக்கூடாதாம். சாவு வீட்டில் நாமும் போய்ட்டு வரேன் சொல்வதில்லையே, அதனால் அது எனக்குப் பழகியதாகத்தான் இருந்தது. பழகாதது அதற்கடுத்தது. நாம் நேரே வீட்டுக்குப் போய்க் குளிப்போம். அவர்கள் நேரே வீட்டுக்குப் போகவே கூடாது, ஆவி பின்னால் வந்துவிடும், வழியில் எங்காவது நிறுத்தி உதறிவிட்டுப் போக வேண்டும். பக்பக் என்கிறார்கள். டேலி சிட்டியில் உதற இடமா இல்லை? ஜாலிபீ என்ற ஃபிலிப்பைன்ஸ் சாப்பாட்டுக் கடை அமெரிக்காவில் முதல் கிளையைத் திறந்ததே அங்கேதான், 1998இல். கோழி வறுவலும் அந்த இனிப்பு ஸ்பகெட்டியும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

மணி பத்தேகால். நாலு பேரில் மூன்று பேருக்குப் பதினொன்றுக்கு ஷிஃப்ட். வீட்டுக்குத்தான் நேரே போகக்கூடாது, வேலைக்குப் போகலாமா, அங்கே பின்னால் வந்துவிட்டால் என்று புதிதாகச் சேர்ந்த பெண் கவலைப்பட்டாள்.

"வந்தா வரட்டும்" என்றார் எங்களில் மூத்தவர். "பதினாலாம் ரூம் பாட்டியை ரெண்டு மணிக்குத் திருப்பிப் போட ஆள் இல்லை."