அடையில் இருக்கும் மலைப்பாம்பைத் தூக்கலாமா?

‘மலைப்பாம்புக் குட்டி ஒன்று கிடக்கிறது’ என்று பாம்பு மீட்பவர்களுக்கு அழைப்பு வந்தால் அதை நம்பிக் கை வைக்கக் கூடாது. கண்ணாடி விரியனைத்தான் பலரும் அப்படிச் சொல்வார்கள். விரியனின் முதுகில் நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலிக் கண்ணிபோல வரிசையாக ஓடும், செதில் சொரசொரப்பு. மலைப்பாம்பின் திட்டுகளுக்கு ஒழுங்கான வடிவமே கிடையாது. தோல் வழவழவென்று மின்னும். மேலுதட்டின் முன்பக்கச் செதில்களில் வெப்பம் உணரும் சிறு குழிகள் இருக்கும். சந்தேகம் இருந்தால் விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கோழிக்கூண்டுக்குள் மாட்டிக்கொண்ட பாம்பு வேறு விதம். வலைக்கண்ணி வழியாக ஒல்லியாக நுழைந்தது, கோழியை விழுங்கியபின் வயிறு உப்பி வெளியே வர முடியாமல் கிடக்கும். இழுத்தால் செதில் கிழியும், இரையைக் கக்கியும்விடும். வலையைத்தான் வெட்ட வேண்டும். தூக்கும்போது மூன்று மீட்டர் பாம்புக்கு மூன்று பேராவது வேண்டும்: ஒருவர் தலைக்குப் பின்னால், மற்றவர்கள் உடலைத் தாங்கி. கழுத்தை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் முதுகெலும்பு கெட்டுப்போகும். கையைச் சுற்றிக்கொண்டால் வால் பக்கமிருந்து பிரியுங்கள். கடித்துவிட்டால் கையை வெடுக்கென்று உருவாதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும்.

இவற்றையெல்லாம் பழகிக்கொள்ளலாம். எங்களைத் தயங்க வைப்பது முட்டைமேல் சுருண்டிருக்கும் தாய்தான். கோடையில் முட்டைகளைக் குவியலாக இட்டு, அதன்மேல் சுருளாகப் படுத்து, உச்சியில் தலையை வைத்துக்கொள்ளும். இரை தேடிப் போகாது. உற்றுப் பார்த்தால் உடல் விட்டுவிட்டுத் துடிப்பது தெரியும். வலிப்பு, நோய் என்று பயந்து தூக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்தத் துடிப்பு தசைகளைச் சுருக்கிச் சூடு உண்டாக்கும் வேலை. அடைகாக்கும் மலைப்பாம்பின் உடல் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை 1841-லேயே பாரிஸில் பிரெஞ்சு விலங்கியலாளர் வாலென்சியன் அளந்து பதிவு செய்திருக்கிறார். தாயை அகற்றினால் அந்தச் சூடும், முட்டை காயாமல் காக்கும் ஈரமும் சேர்ந்தே போய்விடும்.

ஆகவே முடிந்தவரை அங்கேயே விட்டுவிடச் சொல்கிறோம். சுற்றிக் கயிறு கட்டி, நாயையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் தள்ளி நிறுத்தினால் போதும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளிவந்துவிடும். கட்டடம் இடிக்கிற இடம் என்று வேறு வழியே இல்லாதபோதுதான் முட்டைகளை எடுக்க வேண்டும். அதுவும் வனத்துறை முன்னிலையில். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் இது. தொடும் முன்பே ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் பென்சிலால் குறியிடுங்கள். கரு ஓட்டின் மேல்பக்க உட்புறத்தோடு ஒட்டி வளர்கிறது; முட்டை புரண்டால் செத்துப்போகலாம். ஒன்றோடொன்று ஒட்டியிருப்பவற்றைப் பிய்க்க வேண்டாம், அப்படியே தூக்குங்கள். எடுத்த முட்டைகளை வைக்கும் பெட்டிக்குள் வெப்பம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ். நீர் முட்டைமேல் படாமல் அடியில் மட்டும் ஈரம் இருக்க வேண்டும். மேலே தெளித்தால் பூஞ்சை பிடிக்கும்.

வெளிவரும் குட்டி இரண்டடி நீளம் வரை இருக்கும். முதல் தோல் உரிக்கும்வரை பொதுவாக இரை எடுக்காது. பசிக்குமே என்று எலியைத் திணிக்காதீர்கள். தாய் இருந்த பகுதியிலேயே, புதரும் நீரும் வளைகளும் உள்ள இடமாகப் பார்த்து விடுங்கள். வளை முக்கியம். ராஜஸ்தானில், பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் மலைப்பாம்புகள் முள்ளம்பன்றி தோண்டிய வளைகளில் தங்கி, குளிர்கால வெயிலுக்கு வாசலில் வந்து படுக்கின்றன. மலைப்பாம்பு தானாக வளை தோண்டாது.