ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் கழன்றால்

லினக்ஸில் மூன்று டிஸ்க் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும் தொகுப்பு) போட்டிருக்கிறீர்கள், ஒன்று தொகுப்பிலிருந்து கழன்றுவிட்டது. செத்தே போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ஸ்மார்ட் அறிக்கை, அதாவது டிஸ்க் தன் நலம் பற்றி வைத்திருக்கும் பதிவைப் பாருங்கள். 199-ஆம் எண் (தரவு கடத்தும்போது வந்த பிழைகள்) மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் கோளாறு. மாற்றியபின் அந்த எண் குறையாது. மேலும் ஏறாமல் இருந்தால் சரி. 5-உம் (கெட்டுப்போய் மாற்றிய செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகள்) 197-உம் (படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள்) தொடர்ந்து ஏறினால் டிஸ்க்கையே மாற்றுங்கள்.

197 ஓரிரண்டுதான், ஆனாலும் அடிக்கடி கழல்கிறதா? சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் கெட்ட செக்டரை நெடுநேரம் படிக்க முயலும்; லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பொறுப்பதோ 30 விநாடி. அதற்குமேல் போனால் டிஸ்க் கழன்றுவிடும். டிஸ்க் அப்படி முயலும் மீட்பு நேரத்தை 7 விநாடியாக்குங்கள். அந்த வசதி இல்லையென்றால் கெர்னல் பொறுக்கும் நேரத்தை 180 விநாடியாக்குங்கள். அணைத்துப் போட்டால் இரண்டும் பழையபடியாகும், அதனால் பூட் ஸ்கிரிப்டில் எழுதிவிடுங்கள்.

ரீபில்டு, அதாவது கழன்ற டிஸ்க்கின் தரவை மறுபடி கட்டும் வேலை, மற்ற இரண்டு டிஸ்க்கையும் முழுக்கப் படிக்கும். அதற்கு முன்பே பேக்கப் எடுங்கள். பதற்றத்தில், தொகுப்பைப் புதிதாக உருவாக்கும் ‘கிரியேட்’ கட்டளையை மட்டும் தொடவே தொடாதீர்கள்.