எதிலிருந்து அளந்த ஆழம்?

எண்ணெய்த் தேடல் நிறுவனம் ஒன்றின் தகவல் பிரிவில் சேர்ந்தபோது, கணினி முன்னால் உட்கார வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் ஆறு மாதம் கிடங்கிலேயே போனது. அட்டைப்பெட்டிகள், இரும்பு அலமாரிகள், சக்கரம் சக்கரமாகக் காந்த நாடாக்கள், சுருட்டி ரப்பர் போட்டு வைத்த காகிதங்கள். ரப்பர் இற்றுப்போய்க் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டித்தான் பிரிக்க வேண்டும்.

அந்தக் காகிதங்கள்தான் கிணற்று லாக்குகள். துளைக்குள் கருவியை இறக்கி, மேலே இழுத்துக்கொண்டே பாறையின் மின்தடை, இயற்கைக் கதிரியக்கம், ஒலி போகும் வேகம் ஆகியவற்றை அளந்து கோடுகளாக வரைவார்கள். 1927இல் பிரான்ஸின் பெஷல்ப்ரான் வயலில் ஷ்லும்பெர்ஜே சகோதரர்களின் குழு முதல் மின் லாக் எடுத்தபோது, கருவியை அங்கங்கே நிறுத்தி அளந்து, கையால் புள்ளி வைத்து வரைந்தார்கள். எங்கள் கிடங்கில் இருந்தவை பெரும்பாலும் 1:200 அளவில் இருந்தன. 3,000 மீட்டர் கிணறு என்றால் 15 மீட்டர் காகிதம். நடைபாதையில் விரித்துவிட்டு முட்டி போட்டுத்தான் படிப்போம்.

கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. முதல் வாரத்தில் ஒரு சுருளைக் கையில் கொடுத்து, “இந்தக் கிணறு எவ்வளவு ஆழம் தம்பி?” என்றார்.

“2,846 மீட்டர் சார்.”

“எதிலிருந்து?”

முழித்தேன். தரையிலிருந்துதானே என்றேன். அவர் சுருளின் தலைப்பைக் காட்டினார். கெல்லி புஷிங்கிலிருந்து என்று போட்டிருந்தது. அது ரிக்கின், அதாவது கிணறு தோண்டும் இயந்திரக் கோபுரத்தின், மேடையில் சுழலும் பகுதி, தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் இருக்கும். கிணறு தோண்டிய ரிக் போய்விடும். சில வருடம் கழித்துப் பழுதுபார்க்க வேறு ரிக் வரும், அதன் மேடை உயரம் வேறு. அப்போது எடுக்கும் லாக்கில் அதே மணல் அடுக்கு வேறு ஆழத்தில் தெரியும். அவர் அப்படி இரண்டு சுருள்களை அருகருகே விரித்துக் காட்டினார். ஒரே கோடு, ஒரே வளைவு, நான்கு மீட்டர் வித்தியாசம்.

களத்தில் இருப்பவர்கள் இதில் ஏமாறுவது குறைவு. கிணற்றுக்குள் இறக்கிய இரும்புக் குழாயில் எண்ணெய் வரத் துளை போடும் வெடிகருவியை, அவர்கள் பேச்சில் துப்பாக்கியை, இறக்கும் முன் இயற்கைக் கதிரியக்கத்தைக் காட்டும் காமா கதிர்க் கோட்டைப் பழைய லாக்கோடு பொருத்திப் பார்த்துவிடுவார்கள். ஏமாறுவது அலுவலகத்தில் வரைபடம் போடுகிற நாங்கள்தான். நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு வரைபடத்தில் ஒரு கிணற்றடியில் மட்டும் பாறை அடுக்கு 31 மீட்டர் கீழே இறங்கியிருந்தது. சுற்றியுள்ள எல்லாக் கிணறுகளும் ஒழுங்காக இருந்தன. புவியியலாளர்கள் இரண்டு வாரம் பேசினார்கள். அந்தப் பள்ளத்துக்குக் காரணம் சொல்ல ஒரு பாறைப் பிளவே வரைந்துவிட்டார்கள், எங்கள் பேச்சில் ஃபால்ட். பார்த்தால், தரவுத்தளத்தில் அந்தக் கிணற்றுக்கு மட்டும் கெல்லி புஷிங்கின் உயரத்தை யாரும் நிரப்பவில்லை. மென்பொருள் காலியிடத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. கடல்மட்டத்திலிருந்து ஆழம் கணக்கிடும்போது கழிக்க வேண்டிய 31 மீட்டர் கழிபடவே இல்லை. ஃபால்டை அழிப்பதற்கு ஒரு கூட்டம் போட்டோம்.

இந்த விஷயத்தில் லாக் கோப்புகள் எழுதியவர்களை மெச்ச வேண்டும். கனடாவின் கிணற்று லாக் சங்கம் 1989இல் கொண்டுவந்த லாஸ் வடிவத்தில், அளவு இல்லாத இடத்தில் என்ன எண் நிற்கும் என்று கோப்பின் தலைப்பிலேயே அறிவிக்க வேண்டும். வழக்கத்தில் அது -999.25. அசிங்கமான எண், ஆனால் நாணயமானது. யாராவது அதையும் சேர்த்துச் சராசரி போட்டால் பாறையின் துளைத்தன்மை மைனஸில் வந்து நிற்கும். எல்லாரும் சிரிப்பார்கள், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். பூஜ்யத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

அப்புறம் நாடாக்கள். நில அதிர்வு ஆய்வின், அதாவது வெடி வைத்து அடியிலிருந்து திரும்பும் அதிர்வை அளப்பதன், பதிவுகள் அவற்றில்தான் இருந்தன. பழைய நாடாக்கள் சிலவற்றில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் படிக்கும் கருவியின் தலையில் ஒட்டிக்கொண்டு உரிந்துவரும். அதனால் ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடேற்றி, ஆறவிட்டு, பசை மறுபடி இளகும் முன் படித்துவிட வேண்டும். அடுப்பில் வைத்து எடுப்பதை முதல் தடவை பார்த்தபோது விளையாட்டு என்றுதான் நினைத்தேன். கடைசி பைட் வரை படித்து முடித்த நாடா ஒவ்வொன்றும் ஒரு சின்ன வெற்றி.

படித்தாயிற்று, சரி. உள்ளே என்ன இருக்கிறது? அங்கேதான் இடித்தது. அதிர்வுத் தரவைப் பரிமாறிக்கொள்ள 1975இல் வெளியான செக்-ஒய் வடிவத்தில், கோப்பின் தொடக்கத்தில் 3,200 பைட் எழுத்துக்கு ஒதுக்கியிருப்பார்கள். நாற்பது வரி, வரிக்கு எண்பது எழுத்து, பழைய துளையட்டையின் அகலம். அதுவும் ஐபிஎம்மின் ஈபிசிடிக் குறியீட்டில். சாதாரண எடிட்டரில் திறந்தால் திரை முழுக்க மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறியாக இருக்கும். ஈபிசிடிக்கில் காலியிடத்துக்கான எண்ணை, மற்றக் கணினிகளின் எழுத்துக் குறியீடான ஆஸ்கி அப்படித்தான் படிக்கும். திரையில் அட் குறி அடர்த்தியாக இருந்தாலே எனக்குத் தெரிந்துவிடும், இதில் யாரும் ஒன்றும் எழுதவில்லை என்று. மாற்றிப் பார்த்தால் ‘கிளையன்ட்’, ‘லைன்’, ‘ஏரியா’ என்று அச்சடித்த படிவத்தின் தலைப்புகள் இருக்கும், எதிரே வெறுமை.

அந்த நாற்பது வரி ஏன் முக்கியம் என்றால், மீதியெல்லாம் எண்கள். ஒவ்வோர் அதிர்வுத் தடத்துக்கும், அதாவது ஓரிடத்தில் பதிவான ஒரு கோட்டுக்கும், முன்னால் 240 பைட் குறிப்பு உண்டு. முப்பரிமாண ஆய்வில் அந்தத் தடம் எந்த நெடுக்குக் கோடு, எந்தக் குறுக்குக் கோடு என்பதை அதில் எங்கே எழுத வேண்டும் என்று 1975இன் தரத்தில் இடம் சொல்லவில்லை. 2002 திருத்தத்தில்தான் 189-ஆம் பைட், 193-ஆம் பைட் என்று வந்தது. அதற்குள் ஆளாளுக்கு ஓரிடத்தில் எழுதிவிட்டார்கள், சிலர் 9இலும் 21இலும். எங்கே எழுதினேன் என்று சொல்ல அந்த நாற்பது வரியை விட்டால் வேறு இடமில்லை. எண்கள் கிடைத்தாலும், ஆயத்தொலைவுகள் எந்தப் புவி மாதிரியை வைத்துக் கணக்கிட்டவை என்று தெரியாவிட்டால் ஆய்வுக்கோடு, எங்கள் பேச்சில் லைன், நிலத்தில் சில நூறு மீட்டர் தள்ளிப்போய் உட்காரும். இன்று வரைபடச் செயலி எழுதுபவர்கள் தினமும் தட்டும், ஆயத்தொலைவு முறைகளுக்கான ஈபிஎஸ்ஜி எண்கள் இந்தத் தலைவலியிலிருந்து வந்தவை. அதில் வரும் ‘பி’ பெட்ரோலியம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

ஒரே கிணற்றுக்கு நான்கு பெயர், ‘ஃபைனல்’ என்று முடியும் ஏழு கோப்பு, தன் கணினியிலேயே எல்லாவற்றையும் பதுக்கிவைக்கும் புவியியலாளர் என்பதெல்லாம் எல்லா அலுவலகத்திலும் உள்ள கதைதான், விட்டுவிடுகிறேன். பதுக்குபவர்மேல் எனக்குக் கோபம்கூடக் கிடையாது. தன் கோப்பில் எது எதிலிருந்து அளந்தது என்று அவருக்காவது தெரியும்.

போன வருடம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் மேசைக்கு வந்தார். “சார், இந்த லைனை யார் ஏற்றினார்கள் என்று தெரியுமா? தலைப்பு முழுக்கக் காலி.” பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். என் பெயர். நான் சேர்ந்த முதல் வருடம், நாடாக்களை இரவு பகலாகப் படித்துத் தள்ளிய மாதம். எண்ணிக்கை காட்ட வேண்டியிருந்தது, காட்டிவிட்டேன்.

ஓய்வு பெற்ற மூத்தவருக்குத் தொலைபேசி போட்டேன். லைன் பெயரைச் சொன்னதும், “அதெல்லாம் ஞாபகமில்லை, பெட்டி நம்பர் சொல்லு” என்றார். சொன்னேன். “அடியில பாரு. அப்சர்வர் ரிப்போர்ட் கிடக்கும். நாடாவைத்தானே நீ எடுத்த?”

கிடந்தது. களத்தில் பதிவாளர் கையால் எழுதிய தாள்கள், வெடி எண், நேரம், மழையால் நிறுத்தியது, புவி மாதிரியின் பெயர் எல்லாம் பென்சிலில் இருந்தது. அன்று மாலை நானும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து நிரப்பினோம். நாற்பதில் பதினேழு வரி தேறியது.