தொழுவத்தில் நிற்கும் நாட்கள்

மாட்டைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்றால் இடையில் இருப்பது லாபம் என்ற கணக்கோடுதான் பெரும்பாலோர் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். கறவை மாடுகளை வாங்கிப் பராமரித்து விற்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்ததில், அந்த இடைவெளியைத் தின்பது வாங்கிய நாளுக்கும் விற்ற நாளுக்கும் நடுவே மாடு நம் தொழுவத்தில் நிற்கும் நாட்கள்தான் என்பது எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

நானூறு கிலோ எடையுள்ள கறவை மாடு ஒன்றுக்கு, ஈரப்பதம் நீக்கிக் கணக்கிட்டால், நாளொன்றுக்குச் சுமார் 10 முதல் 12 கிலோ தீவனம் வேண்டும். கறவையில் இருந்தால் பால் விற்ற பணம் அந்தச் செலவை ஓரளவு ஈடுகட்டும். பால் வற்றிய சினை மாடென்றால் வரவு எதுவும் இல்லை; முதலீட்டைக் கடனாக வாங்கியிருந்தால் வட்டியும் சேர்ந்துகொள்ளும். எனவே வாங்கிய மறுநாளே கைமாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் வியாபாரிக்கு இயல்பாகவே வருகிறது. ஆனால் இந்தத் தொழிலின் மிகப் பெரிய ஆபத்து அந்த அவசரத்தில்தான் இருக்கிறது.

கோமாரி நோய்க் கிருமி உடலில் புகுந்த பிறகு அறிகுறி வெளிப்பட 2 முதல் 14 நாட்கள் வரை ஆகலாம். தோல் கழலை நோய்க்கு 4 வாரங்கள் வரைகூட ஆவதுண்டு. பல இடங்களிலிருந்து வந்த மாடுகள் சந்தையில் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்து, ஒரே வண்டியில் நெருக்கியடித்து ஏறி வருகின்றன. வாங்கும்போது வாயைத் திறந்து பார்த்தோம், குளம்பிடையைப் பார்த்தோம், புண் இல்லை என்று சொல்வதில் பொருள் குறைவு. அதே மாடு ஐந்தாம் நாள் வாயில் எச்சில் நூலாக ஒழுக, ஒரு காலை மாற்றி மற்றொரு காலை ஊன்றி நிற்கக்கூடும். அதற்குள் அதை விற்றிருந்தால், அந்த நோய், மாட்டை வாங்கியவரின் தொழுவத்தில் முன்பே நலமாக இருந்த மாடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். புதிதாக வந்த மாட்டை மூன்று, நான்கு வாரங்களாவது தனியே கட்டி வைக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அந்த வாரங்களின் தீவனச் செலவை வாங்கும் விலையிலேயே கழித்துப் பேச முடியாதவர் அந்த மாட்டை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. கருச்சிதைவு நோய் (புருசெல்லோசிஸ்) இன்னும் கடினமானது. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருந்துவிட்டு, சினையின் பிற்பாதியில் கன்று வீசிய பிறகுதான் பலருக்கு ஐயமே எழுகிறது. இரத்தம், பால் போன்றவற்றைப் பரிசோதிக்காமல் இதை அறிய வழியில்லை. காய்ச்சாத பால் வழியாகவும், நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடுவதாலும் மனிதர்களுக்கும் இது தொற்றும்.

பால் அளவு குறித்த ஏமாற்றம்தான் வழக்கமாக அதிகம் பேசப்படுவது. விற்பனைக்கு முந்தைய கறவையைக் கறக்காமல் விட்டுவிட்டால் மடி திரண்டு, காம்புகள் விறைத்து, நடக்கும்போதே பால் சொட்டும். அப்போது கறந்து காட்டப்படுவது இரண்டு வேளைப் பால். ஆகவே மாலையில் மடி முழுவதும் வற்றக் கறக்கச் செய்து, அதிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் காலையில் கறக்கும் அளவையே உண்மை அளவாக நான் கொள்வேன். முதல் பீச்சுகளை நான்கு காம்புகளிலிருந்தும் தனித்தனியாகக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு காம்பில் மட்டும் துணியின் மேல் சிறு திரிகள் (பால் திரிந்த கட்டிகள்) தங்கினால் அந்தப் பகுதியில் மடிநோய் இருக்கிறது என்று கொள்ளலாம். திரி இல்லாவிட்டாலும் மறைமுக மடிநோய் இருக்கக்கூடும் என்பதால், சோதனைத் திரவம் கலந்து பால் கூழாகிறதா என்று பார்ப்பதும் அவசியம். இவ்வளவும் சரியாக இருந்தாலும், பயணக் களைப்பிலும் புது இடத்தின் மிரட்சியிலும் தீவன மாற்றத்திலும் முதல் சில நாட்கள் பால் குறையவே செய்யும்.

வயதைப் பல் சொல்லும், ஆனால் ஓரளவுக்குத்தான். நிலைப்பற்கள் எட்டும் முளைத்துக் கடை சேர்ந்த பிறகு தேய்மானத்தைக் கொண்டு ஊகிக்க முடியுமே தவிர, எத்தனை ஈத்து, அதாவது எத்தனை முறை கன்று ஈன்றது என்பதை விற்பவரின் வாய்ச்சொல்லாக மட்டுமே பெறுகிறோம். சினை என்று சொன்னால் மருத்துவரைக் கொண்டு உறுதிசெய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது.

ஒரு மாட்டில் கிடைக்கும் நிகர லாபம் அதன் விலையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒன்று இறந்தால் பத்து மாடுகளின் லாபம் போய்விடுகிறது. காப்பீடு செய்யலாமே என்பார்கள். செய்யத்தான் வேண்டும், ஆனால் பல காப்பீடுகளில் தொடக்க நாட்களில் நோயால் நேரும் இறப்புக்கு இழப்பீடு கிடையாது, வியாபாரியின் தொழுவத்தில் மாடு நிற்பதோ பெரும்பாலும் அந்த நாட்களில்தான். மழை பொய்த்த காலத்தில் நெருக்கடி இரு பக்கமும் வரும். தீவன விலை ஏறும்போதே எல்லோரும் மாடுகளை விற்க வருவதால் மாட்டு விலை இறங்கும். விலை ஏறட்டும் என்று காத்திருப்பவரின் கையிருப்பைத் தீவனமே கரைத்துவிடும்.

மறுவிற்பனையில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததை வாங்குபவரிடம் முழுமையாகச் சொல்லிவிடுவது. எந்தக் காம்பில் பால் குறைவு, எப்போது தடுப்பூசி போடப்பட்டது, வந்து எத்தனை நாள் ஆகிறது, இரண்டு வேளைக் கறவையின் அளவு என்ன என்பவற்றை எழுதிக் கொடுப்பதால் சில வேளைகளில் விலை குறைந்திருக்கிறது. ஆனால் அந்த மாட்டை வாங்குபவர் பெரும்பாலும் சேமிப்பு முழுவதையும் அதில் போட்டு, அதன் பாலை நம்பிக் குடும்பம் நடத்தப் போகிறவர். அவரிடம் குறையை மறைத்துப் பெறும் தொகையை நான் லாபக் கணக்கில் எழுத மாட்டேன்.